இன்வெர்ட்டர் மாறும் நொடியில் கெர்னல் நின்றுவிடுகிறது: யூஎஸ்பி சவுண்ட் கார்டு டிரைவரைச் சோதிப்பது எப்படி?

பாலக்கோடு பதிவறை

நண்பர்களுக்கு வணக்கம். பாலக்கோட்டில் என் வீட்டின் பின்கட்டு அறையில், தருமபுரி மாவட்டக் கூத்துக் கலைஞர்களின் பாட்டுகளையும், மூத்த பெண்கள் பாடும் நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி ஆகியவற்றையும் பதிவு செய்து வருகிறேன். லினக்ஸ் நிறுவிய பழைய லேப்டாப் ஒன்றும், யூஎஸ்பி வழியாக அதனுடன் இணையும் மிக்ஸர் ஒன்றும் பயன்பாட்டில் உள்ளன. மிக்ஸருக்குத் தனி அடாப்டர் உண்டு. சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவர் எதையும் நான் தனியாக நிறுவவில்லை. லினக்ஸின் மையநிரலான கெர்னலோடு வரும் ‘எஸ்என்டி_யூஎஸ்பி_ஆடியோ’ என்ற மாட்யூலே (துணைநிரலே) அதை இயக்குகிறது. பதிவு 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், இரண்டு சானல்.

எங்கள் பகுதியில் மும்முனை மின்சாரம் மாறும் நேரங்களில் மின்தடை ஏற்படுவது வழக்கம். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்றாலும், அது மாறிக்கொள்ளும் கணப்பொழுதில் மிக்ஸர் அணைந்து உடனே உயிர்பெறுகிறது. லேப்டாப் பேட்டரியில் ஓடுவதால் அதற்கு மின்தடை தெரிவதில்லை. முன்பெல்லாம் இப்படி நடந்தால் பதிவு மட்டும் நின்றுபோகும். மென்பொருளை மூடித் திறந்தால் மீண்டும் தொடரலாம். புதிய கெர்னலுக்கு மாறிய பிறகு, பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது மிக்ஸர் அணைந்தால் கணினி முழுவதுமே உறைந்துவிடுகிறது. மவுஸ் அசைவதில்லை, கேப்ஸ் லாக் விளக்கு விட்டு விட்டு மின்னுகிறது, பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் அணைகிறது. பதிவு ஓடாதபோது மிக்ஸர் அணைந்தால் எதுவும் ஆவதில்லை.

மீண்டும் துவக்கி, முந்தைய துவக்கத்தின் கெர்னல் பதிவை ‘ஜர்னல்சிடிஎல்’ கொண்டு பார்த்தால், யூஎஸ்பி சாதனம் துண்டிக்கப்பட்டது என்ற வரியோடு அது முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரு சொல்கூட இல்லை.

என்னிடம் பாட வருபவர்களில் பலர் எண்பது வயதைக் கடந்தவர்கள். ஒரு முறை முழுமூச்சாகப் பாடி முடித்த ஒப்பாரியை மறுபடியும் பாடுங்கள் என்று அவர்களிடம் கேட்க எனக்கு மனம் வருவதில்லை. ஆகவே, எங்கே தவறு இருக்கிறது என்பதைத் தெளிவாகக் கண்டுபிடிக்க விரும்புகிறேன். பதிவே கிடைக்காத நிலையில் எங்கிருந்து தொடங்குவது?

காவேரிப்பட்டணம் ஒலிப்பெருக்கி

வணக்கம் அண்ணா. திருவிழாக்களுக்கு ஒலி அமைப்புச் செய்பவன் என்ற முறையில், மின்சாரத்தையும் கொஞ்சம் கவனிக்கச் சொல்வேன். இன்வெர்ட்டர் மாறும்போது அடாப்டரின் வெளியீட்டில் ஓர் ஏற்றத்தாழ்வு வரும். அது யூஎஸ்பி கேபிளின் தரைக்கம்பி வழியாக லேப்டாப்பின் மதர்போர்டு வரை போகக்கூடும். எர்த் சரியில்லாத வீடுகளில் இதனால் லேப்டாப்பே உறைந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் மட்டும் ஓடவிட்டு, மிக்ஸரின் மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள். டிரைவரைக் குறை சொல்வதற்கு முன் இதை விலக்கிவிடுவது நல்லது.

தென்பெண்ணைக்கரை

காவேரிப்பட்டணம் நண்பர் சொல்லும் ஐயம் நியாயமானது. ஆனால் சார்ஜரைக் கழற்றுவது மட்டும் அதை முழுமையாக விலக்காது. மின்சாரத்துக்கு இடமே கொடுக்காத சோதனை ஒன்று உண்டு. லினக்ஸில் ஒவ்வொரு யூஎஸ்பி சாதனத்துக்கும் ‘சிஸ்’ கோப்புறைக்குள் ‘ஆதரைஸ்டு’ என்ற கோப்பு இருக்கும். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது, மிக்ஸருக்குரிய அந்தக் கோப்பில் ரூட் (நிர்வாகி) உரிமையோடு 0 என்று எழுதினால், கேபிளும் மின்சாரமும் அப்படியே இருக்க, கெர்னல் அந்தச் சாதனத்தை டிரைவரிடமிருந்து பிரித்துவிடும். அப்போதும் கணினி நின்றால், மின்சாரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. நிற்கவில்லை என்றால், டிரைவர் குற்றமற்றது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். உண்மையான துண்டிப்பில், பாதியில் இருக்கும் தரவுக் கோரிக்கைகள் முதலில் பிழையோடு திரும்பி வரும், அதன் பிறகே டிரைவருக்குத் துண்டிப்புச் செய்தி போகும். மென்பொருள் வழித் துண்டிப்பில் அந்த வரிசை வேறாக இருக்கும். அந்நிலையில் அடுத்ததாக, மிக்ஸரின் மின்சாரத்தைத் தொடாமல் யூஎஸ்பி கேபிளை மட்டும் உருவிப் பாருங்கள்.

இனி, பதிவு ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு வருகிறேன். நீங்கள் குறிப்பிட்ட கேப்ஸ் லாக் விளக்குதான் முக்கியமான தடயம். கெர்னலில் ஒரு பிழை நேர்ந்தால் அது இரண்டு விதமாக முடியலாம். முதலாவது ‘ஊப்ஸ்’: பிழை நேர்ந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த செயல்முறையை மட்டும் கொன்றுவிட்டு, கெர்னல் தட்டுத்தடுமாறியாவது தொடர்ந்து ஓடும், பதிவும் வட்டில் எழுதப்பட்டுவிடும். இரண்டாவது ‘பேனிக்’: கெர்னல் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் நிறுத்திவிடும், விசைப்பலகை விளக்கு மின்னுவது அதன் அடையாளம். பிழை ஒரு சாதாரணச் செயல்முறைக்குள் நேர்ந்தால் ஊப்ஸோடு போகும். வன்பொருளின் அழைப்புக்காக மற்ற வேலைகளைக் குறுக்கிட்டு ஓடும் இண்டரப்ட் சூழலில் நேர்ந்தால், கொல்வதற்கென்று ஒரு செயல்முறை அங்கே இல்லாததால், நேராகப் பேனிக் ஆகிவிடும். யூஎஸ்பி ஆடியோவில் ஒவ்வொரு சிறு துண்டு ஒலியும் வந்து சேர்ந்ததும் அழைக்கப்படும் செயற்கூறு அத்தகைய இண்டரப்ட் சூழலில்தான் ஓடுகிறது. அங்கே தவறினால், பதிவை வட்டில் எழுத வேண்டிய நிரலுக்கு ஓட வாய்ப்பே கிடைக்காது.

ஆகவே, வட்டை நம்பாத வழியில் பதிவைப் பிடிக்க வேண்டும். லேப்டாப்பின் ஃபர்ம்வேர் (கணினியைத் துவக்கும் உள்நிரல்) யூஇஎஃப்ஐ வகையைச் சேர்ந்ததாக இருந்தால், கெர்னல் தன் கடைசிச் செய்திகளை ஃபர்ம்வேரின் நினைவில் எழுதிவைக்கும் ‘பிஸ்டோர்’ என்ற வசதி உண்டு. அடுத்த துவக்கத்தில் ‘வார், லிப், சிஸ்டம்டி, பிஸ்டோர்’ என்ற கோப்புறை வரிசையில் தேடிப் பாருங்கள். சில லினக்ஸ் விநியோகங்களில் இது இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும். அங்கே எதுவும் இல்லையென்றால் ‘நெட்கன்சோல்’ மாட்யூலைப் பயன்படுத்துங்கள். கெர்னல் செய்திகளை அச்செய்திகள் பிறந்த கணத்திலேயே யூடிபி வழியாக வேறொரு கணினிக்கு அது அனுப்பிவிடும். மற்ற கணினி 6666 என்ற போர்ட்டில் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். வைஃபை இதற்கு உதவாது, லேன் கேபிள் வேண்டும். அந்தக் கேபிளை ஸ்விட்ச் அல்லது ரவுட்டர் வழியாகக் கொண்டுபோகாமல், இரண்டு லேப்டாப்புகளையும் நேரடியாக இணையுங்கள். மின்தடையில் மிக்ஸரோடு சேர்ந்து ரவுட்டரும் அணைந்துவிட்டால், நாம் தேடும் அந்த வரிகளே வழியில் தொலைந்துவிடும். மாட்யூலை ஏற்றுவதற்கு முன் ‘டிமெசெக்’ கட்டளையால் செய்தி அளவை 8 ஆக உயர்த்திக்கொள்ளவும்.

கிடைக்கும் பதிவில் முதல் ஊப்ஸை மட்டும் பாருங்கள். முதல் பிழை நிகழ்ந்த பிறகு கெர்னலின் உள்நிலை கலங்கிப்போயிருக்கும் என்பதால், அடுத்தடுத்து வருபவை தவறான திசையைக் காட்டக்கூடும். கெர்னலின் நிலையை எழுத்துகளால் குறிக்கும் ‘டெயின்டட்’ என்ற வரியில் டி என்ற எழுத்து இருந்தால், அதற்கு முன்பே ஒரு பிழை நேர்ந்திருக்கிறது என்று பொருள்.

பாலக்கோடு பதிவறை

விரிவான விளக்கத்துக்கு நன்றி ஐயா. ‘ஆதரைஸ்டு’ கோப்பில் 0 எழுதியபோது பதிவு நின்றது, கணினி நிற்கவில்லை. சார்ஜரைக் கழற்றிவிட்டு, மிக்ஸரை மின்சாரத்திலேயே விட்டு, யூஎஸ்பி கேபிளை மட்டும் உருவியபோது கணினி உறைந்தது. பிஸ்டோர் கோப்புறை வெறுமையாக இருந்தது. நெட்கன்சோல் வேலை செய்தது. முக்கிய வரிகளின் சாரத்தைத் தருகிறேன்.

நல் பாயிண்டர் பிழை (வெற்று முகவரியைத் தொட்ட பிழை), முகவரி 0x18. அப்போது ஓடிக்கொண்டிருந்த செயற்கூறு ‘எஸ்என்டி_கம்ப்ளீட்_யூஆர்பி’, இடம் +0x2சி. கால் ட்ரேஸில் (செயற்கூறுகள் ஒன்றையொன்று அழைத்த வரிசையில்) அதற்குக் கீழே, முடிந்த கோரிக்கையைத் திருப்பித் தரும் யூஎஸ்பி மையப் பகுதியின் ‘கிவ்பேக்’ செயற்கூறுகளும், அவற்றுக்குக் கீழே, தள்ளிவைத்த இண்டரப்ட் வேலைகளைச் செய்யும் சாஃப்ட்ஐஆர்கியூ தொடர்பானவையும் இருக்கின்றன. இறுதி வரி, இண்டரப்டில் நேர்ந்த மீட்க முடியாத பிழை என்ற பேனிக் செய்தி. டெயின்டட் வரியில் பி, ஓ, இ ஆகிய மூன்று எழுத்துகள் உள்ளன, டி இல்லை. இதற்கு முன்பு, சாதனம் இல்லை என்ற பொருளில் மைனஸ் 19 என்ற பிழை எண்ணோடு சில வரிகளும் வந்திருக்கின்றன.

பர்கூர் மாணவி

ஐயா, வணக்கம். கெர்னல் படிப்பதில் ஆர்வமுள்ளவள் என்பதால் உங்கள் பதிவைக் கவனமாகப் பார்த்தேன்.

மைனஸ் 19 வரிகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சாதனம் போய்விட்ட பிறகு டிரைவர் புதிய கோரிக்கையை அனுப்ப முயன்றால் அப்படித்தான் வரும். முகவரி 0x18 என்பதுதான் பேசுகிறது. கெர்னல் 0 என்ற முகவரியையே தொட முயலவில்லை, 0x18 ஐத் தொட முயன்றிருக்கிறது. 0x என்று தொடங்குவது பதினாறடிமான எண், நம் கணக்கில் அது 24 பைட். பல தரவுகளை ஒன்றாகத் தொகுத்த ஒரு ஸ்ட்ரக்சரின் தொடக்கத்தைக் குறிக்க வேண்டிய பாயிண்டரில், அதாவது அதன் முகவரியைத் தாங்கும் இடத்தில், 0 இருந்திருக்கிறது. அதை நம்பி, அந்த ஸ்ட்ரக்சருக்குள் 24 பைட் தள்ளி இருக்கும் உறுப்பை வாசிக்கப் போயிருக்கிறது. பாயிண்டர் ஏன் 0 ஆனது என்பதற்கு இரண்டு விடைகள் இருக்கலாம். யாரோ வேண்டுமென்றே அதை 0 ஆக்கிவிட்டிருக்கலாம். அல்லது, அந்தப் பாயிண்டரைத் தாங்கியிருந்த பெரிய ஸ்ட்ரக்சரே விடுவிக்கப்பட்டு, அதன் நினைவுப் பகுதி வேறொருவர் கைக்குப் போய், அங்கே இப்போது தற்செயலாக 0 இருக்கலாம். இரண்டாவதைத்தான் விடுவித்த பின் பயன்படுத்தும் பிழை என்பார்கள். துண்டிப்பின்போது நேரும் டிரைவர் பிழைகளில் இவ்வகை அடிக்கடி காணப்படுவது.

இவற்றைப் பிரித்தறிய, துவக்கும்போது க்ரப் (துவக்கப் பட்டியல்) திரையில் கெர்னல் வரியின் இறுதியில் ‘ஸ்லப்_டீபக்’ என்ற அளவுருவை எஃப், இசட், பி ஆகிய எழுத்துகளோடு சேர்த்துத் துவக்குங்கள். பி (‘பாய்சன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து) என்பது நஞ்சூட்டுதலைக் குறிக்கும்: விடுவிக்கப்பட்ட ஒவ்வொரு நினைவுத் துண்டையும் கெர்னல் 0x6பி (இங்கே பி, ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்து) என்ற பைட்டால் நிரப்பிவைக்கும். கணினி சற்று மெதுவாகும், அவ்வளவுதான். இதே சோதனையை மீண்டும் செய்து, இப்போது வரும் முகவரியைச் சொல்லுங்கள். அது மறுபடியும் 0x18 ஆகவே இருந்தால் முதல் விடை. 6பி6பி என்று தொடர்ந்து வந்தால் இரண்டாவது விடை.

டெயின்டட் வரியையும் கவனிக்க வேண்டும். பி என்பது மூலநிரல் வெளியிடப்படாத மாட்யூல், ஓ என்பது கெர்னலின் சொந்த மூலநிரலுக்கு வெளியே தொகுக்கப்பட்ட மாட்யூல், இ என்பது கையொப்பமில்லாத மாட்யூல். உங்கள் கணினியில் கிராபிக்ஸ் டிரைவர் அப்படிப்பட்டதாக இருக்கலாம். அதை நீக்கிவிட்டு, கெர்னலோடு வரும் கிராபிக்ஸ் டிரைவரில் சோதித்துக் காட்டினால்தான் கெர்னல் பராமரிப்பாளர்கள் நம்பிக்கையோடு பார்ப்பார்கள்.

பாலக்கோடு பதிவறை

வெளி கிராபிக்ஸ் டிரைவரை நீக்கி, டெயின்டட் வரியே இல்லாத நிலையில், ஸ்லப்_டீபக் சேர்த்துத் துவக்கிச் சோதித்தேன். இம்முறை நல் பாயிண்டர் என்று வரவில்லை. ‘ஜெனரல் புரொடெக்ஷன் ஃபால்ட்’ என்று வந்திருக்கிறது, முகவரி 0x6பி6பி6பி6பி6பி6பி6பி83. அதே செயற்கூறு, அதே +0x2சி. நீங்கள் சொன்ன 6பி வருகிறது, ஆனால் கடைசியில் 83 இருப்பது எனக்கு விளங்கவில்லை.

பர்கூர் மாணவி

ஐயா, அந்த 83தான் எல்லாவற்றையும் உறுதி செய்கிறது. 0x6பி உடன் 0x18 ஐக் கூட்டிப் பாருங்கள்: 0x83. முன்பு 0 உடன் 24 பைட் கூட்டி 0x18 ஐத் தொட்ட அதே வரி, இப்போது நஞ்சூட்டப்பட்ட பாயிண்டருடன் அதே 24 பைட்டைக் கூட்டியிருக்கிறது. ஆகவே, மிக்ஸரின் தரவுக் கோரிக்கைக்குரிய ஸ்ட்ரக்சர், துண்டிப்பின்போது ஒரு பக்கம் விடுவிக்கப்பட்டுவிட்டது. அந்தக் கோரிக்கை பிழையோடு திரும்பி வந்தபோது, முடிவுச் செயற்கூறு அதே ஸ்ட்ரக்சரை மறுபக்கத்தில் திறந்து பார்த்திருக்கிறது. பதிவு ஓடாதபோது எதுவும் ஆகாததற்கும் இதுவே காரணம்: திரும்பி வரக் கோரிக்கையே அப்போது இருக்காது. ‘ஆதரைஸ்டு’ சோதனையில் கணினி பிழைத்ததும் இதோடு பொருந்துகிறது. கோரிக்கைகள் ஒழுங்காக நிறுத்தப்பட்ட பிறகு விடுவிப்பு நடந்திருக்கும்.

மின்சாரத்தாலோ பழுதான ரேமாலோ இது நேர்ந்திருந்தால், முகவரி ஒவ்வொரு முறையும் வெவ்வேறாகச் சிதறியிருக்கும். இத்தனை துல்லியமாக நஞ்சு எண்ணோடு 24 பைட் கூடியிருக்காது.

காவேரிப்பட்டணம் ஒலிப்பெருக்கி

கேபிளை மட்டும் உருவியபோதே உறைந்தது என்றதும், எர்த் பற்றிய ஐயம் எனக்கும் தீர்ந்தது. டிரைவர் சரியாகும் வரை பாடுபவர்களைக் காக்க வைக்க முடியாது அல்லவா, அண்ணா? மிக்ஸரின் அடாப்டரில் 12 வோல்ட் டிசி என்று அச்சிட்டிருந்தால், ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய யூபிஎஸ் ஒன்றை இடையில் வையுங்கள். அது பேட்டரியிலிருந்து நேராக டிசியாகவே தருவதால், இன்வெர்ட்டர் மாறும் இடைவெளி மிக்ஸருக்குத் தெரியாது. ஆம்பியர் அளவு அடாப்டரில் உள்ளதற்குக் குறையாமலும், முனையின் பாசிட்டிவ் நெகட்டிவ் குறி பொருந்தியும் இருக்க வேண்டும். அடாப்டரில் ஏசி வெளியீடு என்று எழுதியிருந்தால் இதை இணைக்கக் கூடாது. அதற்கு ஆன்லைன் வகை யூபிஎஸ்தான் வேண்டும்.

அரூர் நூலகத்தான்

கணினி நின்ற நேரங்களில் ஓடிக்கொண்டிருந்த பதிவுகளை அழித்துவிட வேண்டாம் என்று சொல்லவே எழுதுகிறேன். வேவ் கோப்பின் தலைப்பகுதியில் இருக்கும் நீள அளவு, பெரும்பாலும் பதிவு முறையாக முடியும்போதுதான் சரியாக எழுதப்படும். இடையில் கணினி நின்றால், கோப்பு திறக்காது அல்லது நீளம் 0 என்று காட்டும். ஆனால் ஒலி உள்ளே இருக்கும். உங்கள் அளவுகளின்படி ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 17.28 மெகாபைட் வரும். கோப்பின் அளவை அதனால் வகுத்தால், எத்தனை நிமிடம் பிழைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு நகலை எடுத்துக்கொண்டு, ஆடாசிட்டியில் ‘ரா டேட்டா’ என்ற இறக்குமதி வழியில், 24 பிட் சைன்டு, லிட்டில் எண்டியன், இரண்டு சானல், 48,000 என்று கொடுத்துத் திறவுங்கள். தொடக்கத்தில் தவிர்க்க வேண்டிய பைட் என்ற இடத்தில் 44 என்று கொடுங்கள், எளிய வேவ் கோப்பின் தலைப்பகுதி அவ்வளவுதான். 24 பிட்டில் இது மிக முக்கியம்: ஒரு மாதிரி மூன்று பைட் என்பதால், 44 ஐக் கொடுக்காமல் 0 இலிருந்து படித்தால் எல்லை தவறி, பாட்டு முழுவதும் வெறும் இரைச்சலாகக் கேட்கும், கோப்பு கெட்டுவிட்டது என்று பலர் கைவிடுவது அந்த இடத்தில்தான். உங்கள் மென்பொருள் நீண்ட தலைப்பகுதி எழுதுவதாக இருந்தால், 44 இலிருந்து 49 வரை ஒவ்வோர் எண்ணாகக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு சானலுக்கும் சேர்த்து ஆறு பைட் என்பதால், அந்த ஆறில் ஒன்று கட்டாயம் பொருந்தும். கடைசியில் அரை நிமிடம் வரை இல்லாமல் போயிருக்கலாம். எழுதப்பட்ட தரவைக் கெர்னல் உடனே வட்டுக்கு அனுப்பாமல், இயல்பு அமைப்பில் 30 நொடி வரை நினைவகத்தில் வைத்திருக்கும் என்பதே காரணம்.

தென்பெண்ணைக்கரை

மாணவியின் வாசிப்பில் சேர்க்க எதுவும் இல்லை. இனி இதை மேலே கொண்டுசேர்க்கும் வேலை. க்ரப் பட்டியலின் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் பழைய கெர்னல் இன்னும் இருந்தால், அதில் இதே கேபிள் சோதனையைச் செய்யுங்கள். பழையதில் நிற்காமல் புதியதில் நின்றால், இது ‘ரெக்ரெஷன்’, அதாவது முன்பு சரியாக இருந்து இப்போது கெட்டது. கெர்னல் சமூகம் அதற்குத் தனி முன்னுரிமை கொடுக்கிறது. ஆனால் விநியோகத்தின் கெர்னலில் அவர்களுடைய சொந்த மாற்றங்களும் இருக்கும் என்பதால், மூலக் கெர்னலின் இப்போதைய வெளியீட்டிலும் ஒரு முறை சோதித்துவிட்டு எழுதுவது நல்லது. அங்கே ஏற்கெனவே திருத்தப்பட்டிருந்தால், அந்தத் திருத்தத்தை உங்கள் கெர்னலுக்குக் கொண்டுவரச் சொல்லி விநியோகத்தாரிடம் கேட்டாலே போதும்.

அங்கும் நின்றால், ‘கிட் பைசெக்ட்’ செய்வதைத் தவிர வேறு குறுக்கு வழி இல்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் உள்ள இரண்டு வெளியீடுகளுக்கு இடையில், பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் ஏறத்தாழ 14 தொகுப்புகளில் குற்றவாளி மாற்றம் சிக்கிவிடும். ‘சவுண்ட், யூஎஸ்பி’ கோப்புறைக்குள் நடந்த மாற்றங்களை மட்டும் என்று வரையறுத்தால் இன்னும் குறையும். ஆனால் பிழையின் காரணம் யூஎஸ்பி கட்டுப்பாட்டுப் பகுதியில் இருந்தால் அது தப்பிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். தொகுக்கும் நேரத்தைக் குறைக்க, மிக்ஸரை இணைத்து வைத்தபடி ‘லோக்கல்மாட்கான்ஃபிக்’ என்ற இலக்கை ஓட்டுங்கள். அந்த நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும். மிக்ஸர் இணைக்கப்படாமல் ஓட்டினால் ஆடியோ டிரைவரே தொகுப்பில் சேராது.

எப்படியும் தொகுக்கப் போகிறீர்கள் என்பதால், நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் ‘கேசான்’ வசதியைச் சேர்த்து ஒரு கெர்னல் தொகுத்து, அதில் ஒரு முறை பிழையை வரவழையுங்கள். நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்ளும், வேகமும் குறையும். ஆனால் அந்தத் துண்டு எங்கே ஒதுக்கப்பட்டது, யாரால் விடுவிக்கப்பட்டது, பின்னர் யார் தொட்டார்கள் என்ற மூன்று தடங்களையும் ஒரே அறிக்கையில் தந்துவிடும். பராமரிப்பாளருக்கு அதைவிட உதவியானது வேறில்லை. அனுப்ப வேண்டிய முகவரிகளைக் கெர்னல் மூலநிரலில் உள்ள ‘மெய்ன்டெய்னர்ஸ்’ கோப்பில், ‘சவுண்ட்’ என்ற பகுதிக்குக் கீழே காணலாம். பதிவைப் படமாக எடுக்காமல், எழுத்தாகவே மடலில் ஒட்டுங்கள்.

பாலக்கோடு பதிவறை

பழைய கெர்னலில் கேபிளை உருவினால் பதிவு மட்டும் நிற்கிறது, கணினி நிற்பதில்லை. மூலக் கெர்னலின் இப்போதைய வெளியீட்டில் நிற்கிறது. கேசான் சேர்த்துத் தொகுத்த கெர்னலின் அறிக்கையில், துண்டிப்புச் செயற்கூறு விடுவித்த துண்டை ‘எஸ்என்டி_கம்ப்ளீட்_யூஆர்பி’ தொடுவது மூன்று தடங்களோடும் வந்துவிட்டது. அதையும், டெயின்டட் இல்லாத நெட்கன்சோல் பதிவையும், மிக்ஸரின் யூஎஸ்பி விவரங்களையும் சேர்த்து லினக்ஸ் ஒலிப் பகுதியின் மடற்குழுவுக்கும் ரெக்ரெஷன் பட்டியலுக்கும் அனுப்பியிருக்கிறேன். பைசெக்ட் வேலை நடந்துகொண்டிருக்கிறது. குற்றவாளி மாற்றம் தெரிந்ததும் அதே மடலுக்கு மறுமொழியாக எழுதுவேன்.

மிக்ஸரின் அடாப்டர் 12 வோல்ட் டிசிதான். ரவுட்டர் யூபிஎஸ் வழியாக இணைத்த பின், மெயின் ஸ்விட்சை நிறுத்திப் பார்த்தபோதும் பதிவு அறுபடவில்லை. அரூர் நண்பர் சொன்னபடி, திறக்காமல் கிடந்த ஒப்பாரிக் கோப்பை 44 என்று கொடுத்தபோது இரைச்சல்தான் வந்தது, 46 என்று கொடுத்ததும் குரல் தெளிவாகக் கேட்டது. கடைசி அடிகள் சில மட்டும் இல்லை.